மூடி எடுத்தாச்சா

இது நடந்தது. எனக்கு நடந்தது. யாரோ சொல்லக் கேட்டு எழுதவில்லை. கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. பதுளைக் கடைவீதியில் என்னைத் தெரிந்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கராஜா வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது என்றுதான் சொல்வார்கள். படம் பிடிப்பது என் தொழில். ஒவ்வொரு படத்துக்கும் நேரம், தட்டு எண், யார், என்ன பலன் என்று ஒரு கொப்பியில் குறித்து வைப்பேன். கீழே வருகிற நேரமெல்லாம் அந்தக் கொப்பியில் இருப்பவை. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

முதலில் என் விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

மலைநாட்டில் வெளியே நிறுத்திக் கல்யாணப் படம் எடுப்பவனுக்கு மூடுபனிதான் எமன். காலையில் பளிச்சென்று இருக்கும். பொண்ணு அலங்காரம் முடிந்து வெளியே வருவதற்குள் பனி இறங்கிவிடும். அதனால் நான் மக்னீசியத் தூள் கொண்டுபோவேன். நீளமான மூங்கில் கழி, அதன் நுனியில் ஒரு தகரத் தட்டு. தட்டில் தூளைப் பரப்பி விசையை இழுத்தால் பொறி விழும். டப்பென்று ஒரு சத்தம், கண்ணைக் கூசுகிற வெள்ளை வெளிச்சம், பிறகு வெள்ளைப் புகை. அந்தப் புகை அடங்கும்போது மாவு மாதிரி ஒரு சாம்பல் எல்லார் மேலேயும் இறங்கும். துணியில் பட்டால் எவ்வளவு உதறினாலும் லேசில் போகாது.

விளக்கைப் படப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து அடித்தால் முகம் அப்பளம் மாதிரித் தட்டையாக விழும். தள்ளிப் போய்ப் பக்கவாட்டில், உயரத்தில் பிடிக்க வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் தேவை. கனகம் இருந்தவரை அந்த ஆள் கனகம்தான். என் மனைவி.

பொம்பளை ஒருத்தி கூட வந்தால் கல்யாண வீட்டுப் பெண்கள் கூச்சமில்லாமல் நிற்பார்கள் என்றுதான் அவளை அழைத்துப் போனேன். முதல் வேலையிலேயே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். படம் விழுகிற கண்ணாடித் தட்டு ஒரு மரச் சட்டத்துக்குள் இருக்கும், அதன் முன்னால் ஒரு மூடி. சட்டத்தைப் பெட்டியில் சொருகிய பிறகு அந்த மூடியை உருவி எடுக்க வேண்டும். எடுக்காமல் என்ன வெளிச்சம் அடித்தாலும் தட்டில் ஒன்றும் விழாது. அன்றைக்கு நான் எடுக்கவில்லை. கல்யாணக் கோஷ்டி முழுவதையும் மறுபடி நிற்க வைத்தேன், மானம் போயிற்று.

கனகம் அதற்கு ஒரு வழி செய்தாள். சபையில் கத்த அவளுக்கு வெட்கம். ஒரு சணல் கயிறு எடுத்தாள். ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் மணிக்கட்டில். அவள் ஒரு தடவை இழுத்தால் ‘மூடி எடுத்தாச்சா?’ என்று அர்த்தம். நான் இரண்டு தடவை இழுத்தால் ‘எடுத்தாச்சு, அடி’. ஆறு வருஷம் நாங்கள் இப்படித்தான் வேலை செய்தோம்.

அவளை மட்டும் நான் படம் எடுக்கவில்லை. அவள் கேட்பாள்.

“என்னையும் ஒரு தடவ எடுங்களேன்.”

“விளக்க யாரு பிடிப்பா?”

எங்களுக்குள் அது ஒரு கேலிப் பேச்சு. 1918 ஐப்பசியில் விஷக் காய்ச்சல் வந்தது. நாலே நாள். பதுளை ஊரில் பாதிப் பேர் என் கடையில் கண்ணாடித் தட்டில் அடுக்கியிருக்கிறார்கள். அவள் ஒருத்தி இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நான் அழவில்லை. பசித்தால் சாப்பிட்டேன், இருட்டினால் படுத்தேன். பல் பிடுங்கின இடம் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. விளக்குப் பிடிக்க அழகர் என்பவரை வைத்துக்கொண்டேன். ஐம்பது வயது. ரயில் பாதைக்குப் பாறை உடைத்தபோது வெடிச் சத்தத்தில் ஒரு காது போனவர், அதனால் எந்தச் சத்தத்துக்கும் அசர மாட்டார். கயிற்று வேலையை அவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவர் கயிற்றையும் இழுப்பார், வாயாலும் கத்துவார்.

“மொதலாளி, மூடி எடுத்தாச்சா?”

கல்யாண வீடே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி அந்த நாள்.

1921 ஜனவரி 27, வியாழக்கிழமை. தை மாதம். ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயரைச் சொல்ல மாட்டேன், அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெரிய கங்காணி வீரசிங்கத்தின் மகள் பாக்கியலெட்சுமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெயராசா, பூனாகலையில் கணக்கப்பிள்ளை. நானும் அழகரும் மாட்டு வண்டியில் போய் இறங்கியபோது பகல் 1.20. முகூர்த்தம் காலையிலேயே முடிந்திருந்தது. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் விடியலில் பொண்ணும் மாப்பிள்ளையும் பூனாகலைக்குப் புறப்பட வேண்டும். படம் அன்றைக்கே எடுத்தாக வேண்டும்.

தட்டுகளைச் சட்டத்தில் மாட்ட ஓர் இருட்டறை கேட்டேன். கங்காணியின் மனைவி வடிவம்மா ஒரு சின்ன சாமான் அறையைத் திறந்துவிட்டார். மூலையில் இன்னும் ஏற்றாத ஒரு குத்துவிளக்கு. அதன் முன்னால் ஓலைப் பெட்டி ஒன்று, உள்ளே ஒரு புதுச் சேலை, மஞ்சள், பூ.

“அந்தப் பெட்டிய மட்டும் தொட்டுறாதீங்க. மூத்தவளுக்கு வச்சது.”

“மூத்தவங்களா?”

“ராசம்மா. ஒம்பது வயசுல போயிட்டா. பன்னண்டு வருசமாச்சு.”

எனக்குத் தெரிந்த வழக்கம்தான். கல்யாணம் ஆகாமல் போன பெண் பிள்ளை அந்த வீட்டுக்குச் சாமி. வீட்டில் நல்ல காரியம் என்றால் முதல் சேலை அவளுக்கு. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்றது எல்லாம். மூன்று நாள் அந்தச் சேலையில் யாரும் கை வைக்கக் கூடாது.

வடிவம்மா போகாமல் வாசலில் நின்றார்.

“இவளையாவது நல்லா எடுத்துக் குடுங்க. மூத்தவ மொகம் எனக்கு மறந்துக்கிட்டே வருதுங்க. பெத்தவ சொல்லக் கூடாது. கண்ண மூடுனா அவ கொரல் வருது, மொகம் வரமாட்டேங்குது. ஒரு படம் இருந்திருந்தா...”

நான் “சரிங்க” என்றேன். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. எந்த அளவுக்குப் புரிந்தது என்று அவருக்குத் தெரியாது.

அந்த அறையில் சிவப்புக் கண்ணாடி விளக்கை ஏற்றிக்கொண்டு ஆறு தட்டுகள் மாட்டினேன். சிவப்பு வெளிச்சத்தில் எதற்கும் நிறம் தெரியாது. ஆனாலும் அந்தச் சேலை வெளிர் நிறம் என்று தெரிந்தது. நான் வெளியே வந்ததும் குத்துவிளக்கை ஏற்றி வைத்துவிட்டு வடிவம்மா அறையைப் பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

3.50க்கு மழை விட்டது. 4.05க்குப் பனி இறங்க ஆரம்பித்தது.

முன்பக்கப் பந்தலில் ஒரே கூட்டம், மேளம், சாப்பாடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரமும் கொஞ்சம் சமதரையும் இருந்தன. அதற்குப் பின்னால் தேயிலைச் சரிவு. அங்கே பெட்டியை நிறுத்தினேன். மாப்பிள்ளை மாலையும் தலைப்பாகையுமாக வந்து மரத்தடியில் நின்றார். அழகர் எனக்கு இடது பக்கம் எட்டு அடி தள்ளிக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டடியிலேயே ஆள் பாதிதான் தெரிந்தார்.

4.25க்குப் பொண்ணு பின்வாசல் வரை வந்தது. தலை குனிந்து நின்றதால் முகம் தெரியவில்லை. கட்டியிருந்தது அடர்ந்த சிவப்புக் கூறைச்சேலை. கூட நின்றது பெரியாயி, பொண்ணின் அத்தை. அவரைக் கூப்பிட்டேன்.

“சேலை சிவப்பா இருக்கே. சிவப்பு எங்க தட்டுல கருப்பா விழும். கல்யாணப் படத்துல கருப்புச் சேலை கட்டின மாதிரித் தெரியும்.”

“ஆகாதுங்களே.”

“வெளிர் நிறத்துல ஒன்னு மாத்திக்கிட்டு வரச் சொல்லுங்க. உள்ள பெட்டியில ஒன்னு பார்த்தேனே, அந்த மாதிரி.”

அந்த மாதிரி என்றுதான் சொன்னேன். அந்தச் சேலையையே என்று சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது என் கை அந்த அறைப் பக்கம் நீண்டது. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெட்டியைப் பேச்சில் இழுத்திருக்க மாட்டான். எனக்கு அப்போது அது வெறும் சேலையாகத்தான் பட்டது. பெரியாயி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பொண்ணை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

காத்திருந்தோம். பனி இன்னும் கனத்தது. நான் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.42க்குப் பொண்ணு வந்தது.

பின்வாசல் வழியாக அல்ல. தேயிலைப் பக்கமிருந்து.

வீட்டுக்குப் பின்னால் சுற்றுவழி ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெளிர் நிறச் சேலை. தலையில் பூ. மெதுவாக வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சரியான இடத்தில் நின்றது. நான் இடம் காட்டவே இல்லை.

“கையப் பிடிச்சுக்கங்க. என்னயப் பாருங்க. திரும்பக் கூடாது.”

மாப்பிள்ளை கையைப் பிடித்தார். ஒரு கணம் கையை இழுத்துக்கொள்ளப் போனது போல இருந்தது. பிறகு பிடித்துக்கொண்டார்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். மாப்பிள்ளை துலக்கமாக இருந்தார். பொண்ணின் முகத்தில் மட்டும் கலங்கல். பனிதான். முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். கலங்கல் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றையும் கவனித்தேன்... மேளச் சத்தம் கேட்கவில்லை. பந்தலில் பேச்சுச் சத்தமும் இல்லை.

தட்டைச் சொருகினேன். மூடியை உருவினேன்.

கயிறு ஒரு தடவை இழுபட்டது. “மொதலாளி, மூடி எடுத்தாச்சா?”

நான் இரண்டு தடவை இழுத்தேன்.

டப்.

4.47. முதல் தட்டு. புகை நேரே அவர்கள் பக்கம் போனது. மாப்பிள்ளை இருமினார், தலைப்பாகை மேல் சாம்பல் இறங்கியது. பொண்ணு இருமவில்லை. முகத்துக்கு நேரே புகை போனது. கையைக்கூட அசைக்கவில்லை.

“இன்னொன்னு. அசையாதீங்க.”

கயிறு. “மூடி எடுத்தாச்சா?” இரண்டு இழுப்பு.

டப்.

4.51. இரண்டாவது தட்டு. புகை விலகியபோது மாப்பிள்ளை மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். வெளிர் நிறச் சேலை ஒன்று தேயிலைச் சரிவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அடுத்த நிமிஷம் அதுவும் தெரியவில்லை. மேளச் சத்தம் திரும்பக் கேட்டது.

அழகர் கழியைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார். எப்போதும் கத்துகிறவர், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

“மொதலாளி... அந்தப் புள்ள கண்ணச் சிமிட்டல.”

“நல்லதாப் போச்சு.”

“வெளிச்சம் அடிச்சா யாரா இருந்தாலும் சிமிட்டுவாங்க.”

“அண்ணே, வண்டியக் கட்டச் சொல்லுங்க. இருட்டிரும்.”

பந்தலில் கங்காணி நிறுத்திக் கேட்டார், முடிந்ததா என்று. முடிந்தது என்றேன். 5.25க்கு வண்டி புறப்பட்டது.

மறுநாள் காலையில் தட்டுகளைக் கழுவினேன். இரண்டும் நன்றாக வந்திருந்தன. முதல் தட்டில் மாப்பிள்ளையின் கண் முழுசாக மூடியிருந்தது. இரண்டாவதில் பாதி. அவள் கண்கள் இரண்டிலும் திறந்திருந்தன. இரண்டிலும் ஒரே மாதிரி. தட்டில் கலங்கலே இல்லை. மாப்பிள்ளையின் கோட்டு முழுக்கப் பனித் துளி மின்னியது. அவள் மேல் ஒரு துளி இல்லை. இடது புருவத்தில் குறுக்காக ஒரு தழும்பு இருந்தது. வழக்கமாக நான் பென்சிலால் தொட்டு மறைத்துவிடுவேன். பென்சிலைக் கையில் எடுத்தேன், ஏனோ வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்படித்தான் அந்த நாட்களில் இருந்தேன்.

வெயில் வந்து காகிதத்தில் படம் ஏறுவதற்கு ஒரு வாரம் பிடித்தது. பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை, பகல் 11.10க்கு அந்த வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான். பொண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்திருந்தார்கள்.

கங்காணி நாற்காலி போட்டார். முகத்தில் மலர்ச்சி இல்லை. பெரியாயிதான் ஆரம்பித்தார்.

“ஏங்க, பொண்ண எடுக்காமலே போயிட்டீங்களே. இது என்னங்க நியாயம்.”

எனக்கு விளங்கவில்லை. “எடுத்தேனே” என்றேன்.

“எங்க எடுத்தீங்க. மொகூர்த்தச் சேலைய அன்னைக்கே அவுக்கக் கூடாதுன்னு எங்க மதினி சொல்லிட்டாங்க. அதச் சொல்ல வாரதுக்குள்ள டப்பு டப்புன்னு ரெண்டு சத்தம். மாப்பிள்ளையத் தனியா எடுக்குறாருன்னு இருந்துட்டோம். கூப்பிடுவீங்க கூப்பிடுவீங்கன்னு இவ உக்காந்திருந்தா. வண்டி போயிருச்சு. பத்து நாளா ஒங்களத்தான் ஏசிக்கிட்டு இருக்கோம்.”

ஒரு பெண் தேத்தண்ணி கொண்டுவந்து என் முன்னால் வைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். வட்ட முகம். சின்னக் கண். புருவத்தில் ஒன்றும் இல்லை.

“இது யாருங்க?”

“யாரா. இதாங்க பாக்கியலெட்சுமி.”

என் கையில் படம் இருந்தது. கங்காணி அதை வாங்கினார். பார்த்தார். நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், தன் பெண்சாதியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“கை ஜில்லுன்னு இருந்துச்சு” என்றார். “பனின்னு நெனச்சேன்.”

வடிவம்மா வந்து படத்தை வாங்கினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

வெகு நேரம் பார்த்தார்.

விரலை அந்தப் புருவத்தில் வைத்தார்.

“அம்மிக்கல்லுல விழுந்தா. நாலு வயசுல.”



“வளந்துட்டா” என்றார். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, “இருபத்தொன்னு இருக்கும்ல இப்ப?” என்று கேட்டார். கங்காணி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

ஓலைப் பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. அந்தச் சேலையைப் பொண்ணு மறுவீட்டுக்கு வந்து கட்டட்டும் என்று அப்படியே பூட்டி வைத்திருந்தார்கள். வடிவம்மா முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்தார். நானும் கூடப் போனேன். சேலை மடித்தது மடித்தபடி இருந்தது. மேலே இருந்த பூ வாடிக் காய்ந்திருந்தது, ஆனால் கலையவில்லை. அவர் சேலையை எடுத்து உதறினார்.

வெள்ளையாக ஏதோ கொட்டியது.

தொட்டுப் பார்த்தேன். விரலில் தேய்த்துப் பார்த்தேன். மோந்து பார்த்தேன். பத்து வருஷமாக என் சட்டையில் ஒட்டுகிற சாம்பல் எனக்குத் தெரியாதா.

மக்னீசியம்.

மேலே இல்லை. உள் மடிப்புகளில் இருந்தது.

வீட்டில் எல்லாரும் பயந்தார்கள். பெரியாயி உடனே சூடம் கொளுத்தினார். பயப்படாதவர் வடிவம்மா மட்டும்தான். என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை இல்லாமல் அவளை மட்டும் தனியாக ஒரு படம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். பாக்கியலெட்சுமியைக் கடைக்கு வரவழைத்து வேறு படம் எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது எனக்கு ஏதோ உறைத்தது. இரண்டு வருஷம் மூன்று மாதத்தில் முதல் தடவை. பயம் இல்லை. பொறாமை. அந்த அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அழகரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைப்பார்.

ஒரு புடவைக் கடையில் வான நீலத்தில் ஒரு சேலையைக் கனகம் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தாள். அது நடந்து மூன்று வருஷம் இருக்கும். அதே நிறத்தில் ஒன்று வாங்கினேன். ஓலைப் பெட்டியில் வைத்தேன். மஞ்சள், பூ, விளக்கு. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

“கனகம், வா. படம் எடுக்கிறேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். அறையைப் பூட்டினேன்.

பிப்ரவரி 19, சனிக்கிழமை. மாலை 4.50க்குப் பனி இறங்கியது. என் கடைக்குப் பின்னால் ஆற்றங்கரை வரைக்கும் வெறும் நிலம். அங்கே பெட்டியை நிறுத்தினேன். இடது பக்கம் எட்டு அடியில் மூங்கில் கழியை ஊன்றிக் கல்லை முட்டுக் கொடுத்தேன். விளக்குப் பிடிக்க ஆள் இல்லை. அதனால் விசையில் கயிற்றைக் கட்டி மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். பலமாக ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

அவள் உயரத்துக்கு ஒரு குச்சியை நட்டு, அதைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுக் குச்சியை எடுத்தேன். தட்டைச் சொருகினேன். வேர்த்தது. குச்சி நின்ற இடத்திலேயே கண்ணை வைத்தேன்.

5.15. ஒன்றும் இல்லை.

5.25. ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

5.30. ஆற்றுச் சத்தம் நின்றது.

யாரும் வரவில்லை. குச்சி இருந்த இடத்தில் பனிதான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மணிக்கட்டில் கயிறு இழுபட்டது.

ஒரு தடவை.

திரும்பிப் பார்த்தேன். கழி நேராக நின்றது. அதன் கீழே யாரும் இல்லை. இலைகூட அசையவில்லை. காற்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கழி சாய்ந்துவிடப் போகிறது, தூள் நமத்துவிடப் போகிறது, இன்னும் ஒரு நிமிஷம் போனால் இருட்டிவிடும்...

இழுத்தேன்.

டப்.

5.31.

வெள்ளை வெளிச்சம். வெறும் புகை. புகைக்குப் பின்னால் பனி. ஆற்றுச் சத்தம் திரும்பக் கேட்டது.

5.50க்கு இருட்டறைக்குள் போனேன். சிவப்பு விளக்கை ஏற்றித் தட்டை மருந்துத் தண்ணீரில் போட்டேன். இரண்டு நிமிஷம். நான்கு நிமிஷம். எட்டு நிமிஷம்.

தட்டில் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால், பனிகூட இல்லை. தரைகூட இல்லை. ஒரு துளி வெளிச்சம் பட்டிருந்தாலும் தட்டு கறுத்திருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

அப்போதுதான் சட்டத்தைப் பார்த்தேன். தட்டை வெளியே எடுக்க நான் முதலில் என்ன செய்தேன் என்று யோசித்தேன். மூடியை உருவினேன். அதற்கு முன்னால் அது அங்கே இருந்தது. முழுசாக, கடைசி வரைக்கும்.

நான் மூடி எடுக்கவில்லை.

கேட்க அழகர் அங்கே இல்லை.

ஆனால் கயிறு கேட்டிருக்கிறது. ஒரு தடவை.

பூட்டிய அறையைத் திறந்தேன். ஓலைப் பெட்டியில் பூ கலையாமல் இருந்தது. சேலை மடித்தது மடித்தபடி. எடுத்து, விளக்குக்கு முன்னால் பிரித்தேன்.

உள் மடிப்பு முழுவதும் வெள்ளைச் சாம்பல்.

அதற்குப் பிறகு நாலு தடவை முயன்று பார்த்தேன். அதே சேலை, அதே இடம், அதே பனி. மூடியை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். கயிறு ஒரு தடவைகூட இழுபடவில்லை. நாலு தட்டிலும் நல்ல பனி விழுந்திருக்கிறது. சேலை சுத்தமாக இருந்தது.

அழகர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறார். இன்னும் கத்துகிறார். நான் எரிச்சல்படுவதில்லை.

கொப்பியில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. தேதி, பிப்ரவரி 19. நேரம், 5.31. யார் என்ற இடத்தில் கனகம் என்று எழுதியிருக்கிறேன். பலன் என்ற இடத்தில், மூடி எடுக்கவில்லை.